கறவை மாட்டின் ஓய்வு: கொட்டகைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கம்பங்களிலும் (சிற்றூர்களிலும்) இருக்கும் மாட்டுக்கொட்டகைகளுக்குச் சினை ஊசி போடவும் குளம்பு வெட்டவும் 22 ஆண்டுகளாகப் போய் வருகிறேன். தீவனத்தைப் பற்றி எல்லோரும் நிறையத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பிண்ணாக்கில் பால் கூடும், நேப்பியர் புல்லை எத்தனை நாளில் அறுக்கலாம் என்று எனக்கே சொல்லித் தருவார்கள். ஆனால் மாடு படுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்தக் கொட்டகைக்குப் போனாலும் அதே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அக்கேள்விகளைக் கீழே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கொடுத்திருக்கிறேன்.

மாடு பகல்ல சும்மா படுத்துக் கிடந்தா அது சோம்பேறி மாடுன்னுதானே அர்த்தம்?

இல்லை. படுத்திருக்கும் மாட்டின் தாடையைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். விழுங்கிய புல்லை உருண்டையாக மேலே கொண்டுவந்து, ஓர் உருண்டையை 50, 60 முறை மென்று விழுங்கி, சில நொடிகள் அசையாமல் இருந்துவிட்டு, அடுத்த உருண்டையை வரவழைக்கும். அது கழுத்து வழியே ஏறி வருவது வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளில் 7 முதல் 9 மணி நேரம் மாடு இப்படி அசைபோடுகிறது. அதில் பெரும்பகுதியைப் படுத்துக்கொண்டுதான் செய்கிறது.

அசைபோடும்போது உமிழ்நீர் ஏராளமாகச் சுரக்கிறது. பெரிய கறவை மாட்டுக்கு அது ஒரு நாளைக்கு 100 லிட்டரைத் தாண்டும். அந்த உமிழ்நீர்தான் வயிற்றின் புளிப்பை அடக்கி வைக்கிறது. சோயாச் சக்கையும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கும் அதிகமாகவும் புல் குறைவாகவும் போடும் கொட்டகைகளில் மாடு நிம்மதியாகப் படுத்து அசைபோடுவது இன்னும் முக்கியம். வயிறு நிரம்பி, வாய் மென்றுகொண்டு, காது தளர்ந்து படுத்திருக்கும் மாடு வேலை செய்துகொண்டிருக்கிறது, அதை எழுப்பாதீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்தான் படுக்கணும்?

கொட்டகையில் தீவனம் போட்டு வளர்க்கப்படும் கறவை மாடு, படுக்கை நன்றாக இருந்தால், ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் வரை படுக்கிறது. இதை ஒரே மூச்சில் படுப்பதில்லை. ஒரு தடவைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் என்று ஏறத்தாழ 10 தடவைகளில் பிரித்துக்கொள்கிறது. நடுவில் எழுந்து, சாணமிட்டு, தண்ணீர் குடித்து, பல நேரங்களில் பக்கத்தை மாற்றிக்கொண்டு மறுபடி படுக்கும். செம்பனை மரங்களுக்கு அடியில் மேயவிடும் மாடு, வயிற்றை நிரப்பவே 8, 9 மணி நேரம் நடக்க வேண்டியிருப்பதால், இதைவிடச் சற்றுக் குறைவாகப் படுக்கும். அது குறையன்று.

இந்தத் தேவை எவ்வளவு வலுவானது என்பதைப் பலர் உணர்வதில்லை. மாட்டை நெடுநேரம் படுக்கவிடாமலும் தின்னவிடாமலும் வைத்திருந்து, பிறகு இரண்டில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று ஆய்வாளர்கள் அவிழ்த்துவிட்டுப் பார்த்தபோது, மாடுகள் தீவனத்தைவிடப் படுக்கைக்கே முதலிடம் கொடுத்தன. பசியோடிருக்கும் மாடு தொட்டியை விட்டுவிட்டுப் படுக்கப் போகிறது என்றால், அதன் கால்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வளவு நேரமும் தூங்குதா? என் மாடு கண்ணத் தொறந்துக்கிட்டேதான படுத்திருக்கு?

மாட்டின் உண்மையான தூக்கம் ஒரு நாளில் ஏறத்தாழ 4 மணி நேரம்தான். அதுவும் சில சில நிமிடங்களாகத் துண்டு துண்டாக வரும். மீதி நேரத்தில் பாதிக் கண் மூடிய கிறக்கத்தில் இருக்கும். தலையைப் பின்னால் மடித்து விலாவின் மேல் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கும் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆழ்ந்த தூக்கத்தில் கழுத்துத் தசைகள் தளர்ந்துவிடுவதால் தலையை எதன் மேலாவது சாய்த்தே ஆக வேண்டும். அந்தத் தூக்கம் நாளெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட வராது. மாடு படுத்திருந்தால் மட்டுமே வரும்.

எப்பவும் இடது பக்கமே சாஞ்சு படுக்குது, பரவாயில்லையா?

பொதுவாக மாடு இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக மாறி மாறிப் படுக்கும். நிறைசினையில் இடப்பக்கத்தை விரும்புவது இயல்பு. இரைப்பை இடப்பக்கம் இருப்பதால் கன்று வலப்பக்கம் தள்ளிக் கிடக்கும். அந்தப் பக்கம் அழுந்தாமல் தாய் பார்த்துக்கொள்கிறது. சினை இல்லாத மாடு ஒரே பக்கமாகப் படுத்தால், மறுபக்கத்து முட்டியையும் குளம்பையும் தொட்டுப் பாருங்கள். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு காலையும் நீட்டி முழுதாகச் சாய்ந்து கிடப்பது சில நிமிடங்களுக்கு மட்டும் நடந்தால் கவலை வேண்டாம். நீண்ட நேரம் அப்படியே கிடந்தால் வயிற்றுக் காற்றை ஏப்பமாக வெளியேற்ற முடியாமல் உப்புசம் கண்டுவிடும்.

படுத்தா பால் கூடும்ங்கிறாங்களே, நெசமா? ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டராமே?

ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். மாடு படுத்திருக்கும்போது அந்த ஓட்டம் ஏறத்தாழக் கால் பங்கு கூடுகிறது. ஆகவே ஓய்வுக்கும் பாலுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கை நான் யாருக்கும் உறுதியாகச் சொல்வதில்லை. ஏற்கெனவே 12 மணி நேரம் படுக்கும் மாட்டை 13 மணி நேரம் படுக்க வைத்துவிட்டால் பால் பொங்கி வராது. அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்ன வேண்டியிருப்பதால், சில நேரம் மற்றவற்றைவிடக் குறைவாகவே படுக்கும். பால் குறைவதை நான் கண்கூடாகக் கண்டது, ஈரத்தாலோ வெப்பத்தாலோ கயிற்றாலோ மாடு 7, 8 மணி நேரத்துக்கு மேல் படுக்க முடியாமல் போன கொட்டகைகளில்தான். அங்கே தடையை நீக்கினால் பால் திரும்பும். அதைவிட முக்கியமாக, குளம்பு தப்பும்.

சிமெண்டுத் தரை கழுவ வசதி, சுத்தமா இருக்கு. அதுல என்ன தப்பு?

கழுவுபவருக்கு வசதி என்பது உண்மைதான். மாடு எப்படிப் படுக்கிறது என்பதை ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதலில் மூக்கைத் தரையோடு வைத்து முகரும். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக மடித்து மண்டியிடும். மண்டி தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு பிடியை விட்டுவிடுவதால், கடைசி ஒரு சாண் உயரத்தை அது விழுந்துதான் கடக்கிறது. 400 கிலோ மாட்டின் முன்பாரம் முழுவதும் இரண்டு முழங்கால்களில் சிமெண்டின் மேல் விழுகிறது. நாள் ஒன்றுக்கு 10 தடவை. இதைத் தெரிந்துகொண்ட மாடு, முகர்ந்து முகர்ந்து, காலை மடிக்கப் பார்த்து, மறுபடி நிமிர்ந்து, தயங்கித் தயங்கி நிற்கும். நல்ல படுக்கையில் மண்டியிடத் தொடங்கியதிலிருந்து முழுதாகப் படுக்க 5 நொடி போதும். 6 நொடிக்கு மேலானால் தரையிலோ இடத்திலோ குறை இருக்கிறது.

எங்கள் கொட்டகைக்கும் நான்தான் சிமெண்டுத் தரை போட்டேன். அப்போது 6 மாடுகள் இருந்தன. முதல் மாதத்தில் பின்னங்கால் முட்டியின் வெளிப்புறத்தில் காசு அளவுக்கு முடி உதிர்ந்தது. அடுத்து அந்த இடம் உரிந்து சிவந்தது. மூன்றாம் மாதம் எங்கள் மூத்த கறவைக்கு முட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. தரைதான் காரணம் என்று அறியாமல், பக்கத்து மாடு உதைத்துவிட்டதாக எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடு பட்ட வலிக்கு நான் பொறுப்பு. இன்று எந்தக் கொட்டகைக்குப் போனாலும் என் கண் முதலில் பின்னங்கால் முட்டிக்குத்தான் போகிறது.

சிமெண்டை இடித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடைபாதைக்கும் தீவனத் தொட்டிக்கு முன்னும் சிமெண்டு வேண்டும், வழுக்காமல் கோடு கீறியதாக இருக்க வேண்டும். உடம்பைச் சாய்க்கும் இடத்தில் மட்டும் அது வெறுமையாகக் கிடக்கக் கூடாது.

அப்போ கீழ என்ன போடலாம்? மரத்தூளா, மணலா, ரப்பர் பாயா?

உள்ளதைச் சொன்னால், ஆழமாகப் போட்ட மணலுக்கு ஈடான படுக்கை வேறில்லை. மாட்டின் உடல் வடிவத்துக்கு அது குழிந்துகொடுக்கும், நீர் வடிந்துவிடும், அழுகும் பொருள் இல்லாததால் கிருமி பெருகுவதும் குறைவு. பேராவில் பழைய ஈய லம்பங்களை, அதாவது ஈயச் சுரங்கங்களை, ஒட்டிய இடங்களில் மணலுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அதைச் சல்லடையில் சலிக்காமல் போடாதீர்கள். கூரிய சரளைக்கல் ஒன்று குளம்பின் அடியில் ஏறிவிட்டால், அதைத் தோண்டி எடுக்க என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். குறைந்தது அரை அடி ஆழம் வேண்டும். மேலே இரண்டு விரற்கடை தூவுவதில் பயனில்லை. சாணக் கால்வாயில் மணல் அடைத்துக்கொள்ளும் என்பது மட்டுமே இதன் பெரிய குறை.

மரத்தூள் நம் ஊரில் பலகை ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது. உலர்ந்த மரத்தூள் மிக நல்ல படுக்கை. ஈரமான மரத்தூளோ கிளெப்சியெல்லா போன்ற மடிநோய்க் கிருமிகளுக்கு விளைநிலம். ஆலையிலிருந்து வரும்போதே ஈரமாக இருந்தால், விரித்து வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள். பூச்சிமருந்து ஏற்றிய பலகையின் தூளை வாங்காதீர்கள். மடியும் பின்காலும் படும் பின்பகுதித் தூளை நாள்தோறும் வாரிவிட்டுப் புதிது போட வேண்டும். சுண்ணாம்பு தூவுவதானால் லேசாகத் தூவுங்கள், அதிகமானால் காம்பின் தோல் வெந்துவிடும்.

ரப்பர் பாய் வெறும் சிமெண்டைவிட நிச்சயம் மேல். ஆனால் பாய் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் மேல் கோமியம் தேங்கும். ஆகவே அதற்கும் மேலே இரண்டு, மூன்று அங்குலம் தூள் வேண்டும். கையிருப்பைப் பொறுத்துத்தான் எவரும் முடிவு செய்ய முடியும். பணம் குறைவாக இருந்தால், எல்லா மாட்டுக்கும் பாய் வாங்குவதற்குப் பதில், நிறைசினை மாட்டுக்கும் கால் நோகும் மாட்டுக்கும் முதலில் மணலிட்ட ஒரு மூலையை ஒதுக்குங்கள்.

படுக்கை ஈரமா இருக்கான்னு எப்படித் தெரியும்? பார்க்கக் காஞ்ச மாதிரிதான் இருக்கு.

மாடு மண்டியிடும் இடத்தில் நீங்களும் மண்டியிடுங்கள். அரைக்காற்சட்டையோடு, அல்லது காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு முழங்காலும் பதிய 10 எண்ணும் வரை இருந்துவிட்டு எழுந்து பாருங்கள். முழங்கால் ஈரமாக இருந்தால் மாட்டின் மடியும் ஈரத்தில்தான் கிடக்கிறது. முழங்கால் வலித்தால் தரை கடினம். இதைவிடச் சிறந்த கருவி எதையும் நான் கண்டதில்லை.

ஈரம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். உலர்ந்த மரத்தூளில் ஒரு நாளைக்கு 13.8 மணி நேரம் படுத்த அதே மாடுகள், நனைந்த மரத்தூளில் 8.8 மணி நேரமே படுத்தன. தரை, கூரை, தீவனம் எதுவும் மாறவில்லை. 5 மணி நேரத்தை ஈரம் மட்டுமே பறித்துக்கொண்டது. அக்டோபர், நவம்பர் மழையில் சாரல் அடிக்கும் கொட்டகைகளில் பால் குறைந்தால், தீவனக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் கூரையின் இறவாரத்தை நீட்டிப் பாருங்கள்.

பால் கறந்த ஒடனே மாட்டப் படுக்க விடக்கூடாதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க. நீங்க படுக்க விடுங்கிறீங்களே?

பாட்டி சொன்னது சரி. கறந்து முடித்ததும் காம்பின் துளை முழுதாக மூடிக்கொள்ளக் குறைந்தது அரைமணி நேரம், சில மாடுகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் சாணத்தில் படுத்தால் கிருமி எளிதாக உள்ளே ஏறிவிடும். அதனால் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்துவிட்டுத் தொட்டியில் புதிய புல்லைப் போடுங்கள். மாடு தானாகவே நின்று தின்னும். அதைக் கட்டாயப்படுத்தி நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. தின்று முடித்துப் படுக்கப் போகும்போது படுக்கை உலர்ந்திருந்தால் போதும்.

மத்தியானத்துல படுக்கவே மாட்டேங்குது. நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது. என்ன செய்யலாம்?

அது வெப்பத்தால் படும் அவதி. படுத்தால் உடம்பின் ஒரு பக்கம் தரையோடு ஒட்டிச் சூடு வெளியேற முடியாது. நின்றால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். அதனால் சூடு ஏற ஏற மாடு படுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கால் வலித்தாலும் நிற்கிறது. வெயில் காலத்துக்குப் பிறகு குளம்பு நோய் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறவை மாட்டின் வெப்பத் தொல்லையை அளக்க வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. அது 72ஐத் தாண்டினால் தொல்லை தொடங்கிவிட்டது என்பது பழைய கணக்கு. அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68 என்று இப்போது சொல்கிறார்கள். நம் ஊர் நண்பகலில் 32 டிகிரியும் 70 விழுக்காட்டு ஈரப்பதமும் இருந்தால் அது 84 ஆகிறது. விடியற்காலையில் 24 டிகிரியும் 95 விழுக்காடும் இருந்தால்கூட ஏறத்தாழ 75. அதாவது, நம் மாட்டுக்கு இரவிலும் முழு விடுதலை கிடைப்பதில்லை. வெப்பநாட்டுச் சாஹிவால் இனத்தின் இரத்தம் கலந்த மாஃப்ரிவால் போன்ற கலப்பினங்களை இங்கே உருவாக்கியதே இந்தச் சூட்டைத் தாங்கத்தான். ஆயினும் குளிர்நாட்டுப் பிரிசியன் இனத்தின் பங்கு கூடக் கூடத் தாங்கும் திறன் குறைகிறது.

விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் உதவி வேண்டும். முதலில் நிழல், தண்ணீர்: கறக்கும் மாடு வெயில் நாளில் 80, 100 லிட்டர்கூடக் குடிக்கும். அடுத்து, முதுகை நன்றாக நனைத்துவிட்டு மின்விசிறியை ஓடவிட வேண்டும். தோலின் மேலுள்ள நீர் காற்றில் உலரும்போதுதான் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பனிபோல் தெளிக்கும் குழாய்களை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். நம்முடைய ஈரக்காற்றில் அந்தத் துளி உலராமல் மயிரின் மேல் படலமாகத் தங்கி, புழுக்கத்தைக் கூட்டுகிறது. பெரிய துளியாக ஓரிரு நிமிடம், பிறகு 10 நிமிடம் வெறும் காற்று என்று மாற்றி மாற்றிச் செய்வது பயன் தரும். இதைத் தீவனத் தொட்டிப் பக்கத்தில் செய்யுங்கள். படுக்கையை நனைத்துவிட்டால் மேலே சொன்ன 5 மணி நேரம் போய்விடும்.

கட்டுக் கயிறு எவ்வளவு நீளம் விடணும்? நீளமா விட்டா பக்கத்து மாட்டுத் தீவனத்தத் தின்னுடுது.

கயிற்றின் நீளத்தை மாடு எழுந்திருக்கும் முறையை வைத்து முடிவு செய்யுங்கள். மாடு குதிரையைப் போல் முன்னங்காலை முதலில் ஊன்றி எழுவதில்லை. மண்டியிட்டபடியே தலையையும் கழுத்தையும் முன்னால் வீசி, அந்த வீச்சில் பின்பாரத்தைத் தூக்கும். பின்னங்கால் நிமிர்ந்த பிறகே முன்னங்காலை எடுத்து வைக்கும். தலை முன்னே போக இரண்டரை, மூன்று அடி இடமாவது வேண்டும். சுவரும் உயரமான தொட்டி விளிம்பும் இறுக்கிய கயிறும் அந்த வீச்சைத் தடுத்தால், மாடு இரண்டு மூன்று முறை முயன்று தோற்கும். நாளடைவில் நாயைப் போல் முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்து எழப் பழகிவிடும். அப்படி எழும் மாட்டைக் கண்டால், அதன் கட்டுத்தறியைத் திருத்த வேண்டும் என்று பொருள்.

படுத்த நிலையில் தலையைத் தரையில் வைக்கவும், தலையை மடித்து இரண்டு பக்க விலாவிலும் சாய்க்கவும் கயிறு இடம்கொடுக்க வேண்டும். பக்கத்து மாட்டின் தீவனம்தான் கவலை என்றால் தொட்டியில் ஒரு தடுப்பு வையுங்கள். ஒரு மாட்டுக்கு நாலடி அகலமும், முன்காலிலிருந்து சாணக் கால்வாய் வரை ஐந்தரை அடி நீளமும் இருந்தால் நம் கலப்பின மாடுகளுக்குப் பொதுவாகப் போதும். முடிந்தால் நாளில் சில மணி நேரமாவது கயிற்றை அவிழ்த்துச் செம்பனை நிழலிலோ வேலியிட்ட கொல்லையிலோ விடுங்கள்.

இதெல்லாம் சட்டத்துல இருக்கா, இல்ல நீங்களா சொல்றதா?

மலேசியாவின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2015, விலங்கை வைத்திருப்பவர் அதற்கு ஏற்ற இருப்பிடமும் உணவும் இயல்பான நடத்தைக்கு வாய்ப்பும் கொடுக்க வேண்டும், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்று கடமை விதிக்கிறது. கயிற்றுக்கு இத்தனை அடி என்று அதில் தேடாதீர்கள். ஆனால் படுப்பதும் எழுவதும் மாட்டின் இயல்பான நடத்தை அல்ல என்று எவரும் வாதிட முடியாது. 1965இல் பிரிட்டனில் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் அமைந்த குழு, பண்ணை விலங்கு ஒவ்வொன்றுக்கும் எழ, படுக்க, திரும்ப, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்டச் சுதந்திரம் வேண்டும் என்றது. விலங்கு நலம் பற்றிய இன்றைய விதிகள் பலவும் அங்கிருந்து வளர்ந்தவை.

திருட்டு பயத்துல ராத்திரி முழுக்கக் கொட்டகையில லைட்டு போட்டு வைக்கிறோம். மாட்டுக்குத் தொந்தரவா?

மாடு திருடு போன வீட்டின் துயரத்தை நான் அறிவேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுக்கு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் இருட்டு வேண்டும். 16 மணி நேர வெளிச்சமும் 8 மணி நேர இருளும் கிடைக்கும் மாடுகள் பால் கூடக் கொடுக்கின்றன. 24 மணி நேர வெளிச்சத்தில் அந்தக் கூடுதல் கிடைப்பதில்லை. விளக்கைக் கொட்டகைக்கு வெளியே, வாசலையும் பாதையையும் பார்த்தபடி பொருத்துங்கள். ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் விளக்கு இன்னும் நல்லது. விடியற்காலை 4 மணிக்குக் கறக்க எழுப்புவதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மாட்டின் தூக்கம் துண்டு துண்டானது என்று மேலே சொன்னேன். ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுப்பினால் அது பழகிக்கொள்ளும்.

தோட்டத்து மாடுங்க ராத்திரியில ஏன் தார் ரோட்டுல வந்து படுக்குது? புல்லு இருக்கே!

பகல் மழையில் புல்தரை சேறாகிக் கிடக்கும். தார்ச்சாலை மேடாகவும் உலர்ந்தும் இருக்கும். மரங்களுக்கிடையே காற்றில்லாமல் ஈயும் கொசுவும் மொய்க்கும். சாலையில் காற்று வீசும். ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்பித்து வந்த மாட்டை இருட்டில் வண்டியோட்டி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மனித உயிரும் போகிறது. மாலையில் மாட்டை ஓட்டிவந்து அடைப்பது உரிமையாளரின் கடமை. அடைக்கும் பட்டியில் மண் கொட்டி மேடாக்கிய உலர்ந்த திடல் ஒன்று இருந்தால், வேலியை உடைத்துக்கொண்டு போக வேண்டிய தேவை மாட்டுக்குக் குறைந்துவிடும்.

கொசுவுக்குத் தேங்காய் மட்டையில மூட்டம் போடலாமா?

கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில், மெல்லிய புகையாகப் போடலாம். உள்ளே போட்டுக் கன்றின் கண்ணில் நீர் வடியவிடாதீர்கள். காலைக் கடித்து மாட்டை உதைக்க வைக்கும் கொட்டகை ஈ, அழுகிய புல்லும் சாணமும் கலந்த ஈரக்குப்பையில்தான் முட்டையிடும். முட்டை ஈயாக ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரம் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியடிக் குப்பையை வாரி அப்புறப்படுத்தினால் மூட்டத்தின் தேவை பாதியாகும்.

படுக்கிறது நல்லதுன்னா, நாள் முழுக்கப் படுத்திருக்கிற மாடு ரொம்ப நல்ல மாடுதானே?

மணிக்கணக்கை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. குளம்பு நோகும் மாடு, எழுவதற்கே வலிப்பதால், ஒரு தடவையில் இரண்டு மூன்று மணி நேரம் எழாமல் கிடக்கும். மற்ற மாடுகள் தீவனத்துக்கு எழுந்த பிறகும் அது படுத்தே இருந்தால் ஐயப்படுங்கள். நடக்கும்போது முதுகு வளைகிறதா, தலை மேலும் கீழும் ஆடுகிறதா, ஒரு காலைத் தரையில் பதிக்கத் தயங்குகிறதா என்று பாருங்கள். கடினத் தரையில் இதுவே தலைகீழாகவும் நடக்கும்: படுத்து எழும் வலிக்குப் பயந்து, நொண்டும் மாடு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும், நிற்க நிற்கக் குளம்பு மேலும் கெடும். மணல் படுக்கைக்கு மாற்றினால் இந்தச் சுழற்சி உடைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நல்லதுக்காகக் குறைவாகப் படுக்கும் நாளும் உண்டு. பருவத்துக்கு வந்த மாடு படுக்காமல் அலையும், மற்ற மாட்டின் மேல் ஏறும். சாஹிவால் கலப்பினங்களில் பருவம் சில மணி நேரமே நீடித்து, பெரும்பாலும் இரவில் வந்துபோகிறது. இரவு பத்து மணிக்கும் விடியலுக்கு முன்னும் ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்கள்தாம் எனக்குச் சரியான நேரத்தில் தொலைபேசி அடிக்கிறார்கள்.

கன்னு போட்டு ரெண்டாம் நாள், மாடு எழுந்திரிக்கவே இல்ல. அசதியா இருக்கும்னு விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, நன்றாகக் கறக்கும் மாடு கன்று ஈன்ற மூன்று நாள்களுக்குள் எழாமல், கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்து, காது குளிர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு குளிர்ந்துதான் இருக்கும்; இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டதே காரணம். கால்நடை மருத்துவர் சிரை வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால், பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். வாய்வழி எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மருத்துவர் வரும்வரை நெஞ்சு தரையில் ஊன்றும்படி, வைக்கோல் கட்டோ மண் மூட்டையோ அண்டைகொடுத்து நிமிர்த்தி வையுங்கள். கீழே தடித்த படுக்கை போட்டு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றிப் புரட்டுங்கள். ஒரே பக்கமாகக் கடினத் தரையில் கிடந்தால் அடிக்காலின் தசையும் நரம்பும் நசுங்கி, கால்சியம் ஏற்றிய பிறகும் எழ முடியாமல் போகும்.

நேத்து வரைக்கும் நல்லாப் படுத்த மாடு இன்னைக்குப் படுக்கவே மாட்டேங்குது. வெயிலும் இல்ல, படுக்கையும் காஞ்சிருக்கு. என்னவா இருக்கும்?

கேள்விகளிலேயே கடினமானது இதுதான். வெப்பம், ஈரம், குளம்பு மூன்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்றால், மாடு கம்பியையோ ஆணியையோ விழுங்கியிருக்கலாம் என்று நினையுங்கள். மாடு புல்லை ஆராய்ந்து தின்னாது. இயந்திரத்தில் வெட்டிய புல்லில் அறுந்த வேலிக்கம்பித் துண்டு கலந்துவிட்டால் அது இரண்டாம் வயிற்றில் தங்கி, முன்சுவரைக் குத்தும். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் இதயம். படுத்தால் வயிறு அழுந்திக் கம்பி ஏறுவதால் மாடு நிற்கும்; முதுகு வளையும்; முழங்கைகள் வெளிப்பக்கம் விரியும்; பால் திடீரென்று பாதியாகும். திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலைக் கையால் இறுக்கிப் பிடித்தால் நலமான மாடு முதுகைத் தாழ்த்தும். இந்த மாடு தாழ்த்தாது, முனகும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து அக்கா, தன் மாடு இரவெல்லாம் நின்றதாகக் காலை 6 மணிக்கே அழைத்தார். இரவு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்திருந்தார். மூன்று முறையும் தாடை அசையவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அன்றே மருத்துவர் வந்து வயிற்றுக்குள் காந்தம் ஒன்றைச் செலுத்தி மருந்து கொடுத்தார். முன்பாரம் உயர்ந்திருக்குமாறு மண்மேடு அமைத்து அதன் மேல் மாட்டை நிறுத்தச் சொன்னார். நான்காம் நாள் பிற்பகல் அந்த மாடு மரத்தூளை முகர்ந்து, மண்டியிட்டு, படுத்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்து வழியே ஓர் உருண்டை மேலேறியது.